ஆமை முட்டையும் அடைப்பெட்டியும்

நான் கல்லூரியிற் கீழ்வகுப்பு மாணவனாயிருந்த காலத்தில், எங்கள் தோட்டத்துத் துரவில் வளர்ந்த ஆமை கரையேறி, மண்ணைத் தோண்டி, ஐந்து முட்டைகளை இட்டது. அவற்றைப் பொரிக்க வைக்க வீட்டில் இரு வழிகள் இருந்தன: மாமா கோழி முட்டைகளுக்கென வைத்திருந்த மண்ணெண்ணெய் விளக்குப் பெட்டி ஒன்று, அம்மம்மா எடுத்துத் தந்த, ஈரமணல் நிரப்பிய மட்பானை மற்றொன்று. விஞ்ஞானம் பயில்பவனுக்குப் பானை இழிவாகத் தோன்றிற்று; பெட்டியையே தெரிந்தேன். கோழி முட்டைக்குச் செய்வதுபோற் காலையும் மாலையும் தவறாது புரட்டினேன். மாதங்கள் கழிந்தன, ஒன்றேனும் பொரிக்கவில்லை.

காரணத்தைப் பல்லாண்டுகளின் பின், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976இல் நிறுவப்பெற்ற முதலைப் பண்ணையைக் காணச் சென்றபோதே அறிந்தேன். கோழி முட்டையில் மஞ்சட் கருவை நடுவே தாங்கும் முறுக்கிழைகள் உண்டு; ஊர்வனவற்றின் முட்டையில் அவை இல்லை. இட்ட சிறிது காலத்துள் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் புரட்டினால் அழியும். வெப்பமோ முதலைக் குஞ்சின் பாலையே தீர்மானிக்கும். சதுப்பு முதலை முட்டை 31 பாகை செல்சியசிற் பெண்ணாகவும் 32.5இல் ஆணாகவும் பொரிப்பதை 1989இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

ஆதலின், பெட்டி தேர்வோர் முட்டையைப் புரட்டும் பொறியுள்ளதை விலக்குக. வெப்பம் மாறாமை, ஈரம் வற்றாமை, அசையாமை ஆகிய மூன்றுமே வேண்டுவன. முட்டையின் மேற்புறத்தைப் பென்சிலாற் குறித்து, கிடந்தவாறே வைத்தல் நன்று.

அம்மம்மாவின் பானை இம்மூன்றில் இரண்டையேனும் உடையதாயிருந்தது. அதனை அவரிடம் ஒப்புக்கொள்ள நான் ஊர் திரும்பியபோது அவர் இல்லை.