சங்கு வந்த வழி

வைப்பாறு மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் பல ஓடைகளாகப் பிறக்கிறது. தனித்தனிப் பெயரோடு இறங்கி வரும் அவற்றில் சிலவற்றின் தண்ணீரைத் தேக்குவது வெம்பக்கோட்டை அணை. அங்கிருந்து மன்னார் வளைகுடா நேர்க்கோட்டில் 60 கிலோமீட்டருக்கும் மேல். அந்தத் தூரத்தை ஒரே பகலில், தனியாக, பஸ் மாறி மாறிப் போய்ப் பார்க்கக் கிளம்பினேன். கரிசல் சீமையில் எனக்கு யாரையும் தெரியாது.

“யாரைப் பாக்க வந்திருக்கீக?” என்றார் டீக்கடைக்காரர். மேட்டுக்காட்டைப் பார்க்க என்றதும் முகம் மலர்ந்தது. கடையை விட்டு இறங்கி வந்து வழி காட்டினார்.

ஆற்றின் கரையில், வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில் இருக்கிறது அந்த மேடு. 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே தோண்டத் தொடங்கியது. சுடுமண் பொம்மைகள், ஆட்டக்காய்கள், கண்ணாடி மணிகள், தங்கம் எல்லாம் கிடைத்தன. என்னை நிறுத்தியவை சங்கு வளையல்கள். முழு வளையல்களோடு வேலை முடியாத துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. அப்படியானால் வளையலாக வாங்கி வரவில்லை. சங்கைக் கொண்டுவந்து இங்கேயே அறுத்திருக்கிறார்கள். கடலையே பார்க்காத ஊரில் கடலின் பட்டறை! சங்கு மூட்டையோடு ஆற்றங்கரை வழியே ஏறி வந்த முதல் ஆளை நினைத்துக்கொண்டேன். முகம் தெரியாத ஊர், முதல் நாள். அவனையும் யாராவது “எந்த ஊரு?” என்று கேட்டிருப்பார்கள். அவன் வந்த வழியில்தான் நான் எதிர்த்திசையில் இறங்கப் போகிறேன்.

சாத்தூர் போகும் பஸ்ஸில் பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்கள். கையில் தூக்குவாளி. ஒரு அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். வெளியே பொட்டல் காட்டில் ஒன்றுக்கொன்று எட்டி எட்டிச் சிறு அறைகள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. அது எல்லா நேரமும் காப்பாற்றுவதில்லை. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நடந்த வெடி விபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த அக்கா இறங்கிப் போகும்போது, “பாத்துப் போங்க தம்பி” என்று என்னிடம் சொன்னார். அதை நானல்லவா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்!

சாத்தூரில் காராச்சேவும் வெள்ளரிப் பிஞ்சும் வாங்கிக்கொண்டு இருக்கன்குடி போனேன். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில், இரண்டு ஆறுகளுக்கும் நடுவே மாரியம்மன் கோயில். ஆடிக் கடைசி வெள்ளியில் நடந்தே வரும் கூட்டத்தில் மணலே தெரியாது. இன்று மணல் மட்டும்தான். அதற்குக் கிழக்கே ஆறு அகலமாகிறது, தண்ணீர் இல்லை. விளாத்திகுளம் வரை கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக்கருவேலம். மழைக்காலத்தில் சில நாள் மட்டும் ஓடும் இதை ஆறு என்று சொல்லத் தயங்குபவர்கள் உண்டு. எனக்குத் தயக்கமில்லை. தண்ணீர் வற்றினால் இந்த மணற்படுகைதான் நடப்பவனுக்குப் பாதை. ஊற்றுத் தோண்டினால் குடிநீர். சங்கு மூட்டைக்காரனுக்கு இதைவிட நல்ல சாலை எது?

பொழுது சாயச் சிப்பிக்குளம் வந்தேன். பக்கத்தில் ஆறு கடலில் கலக்கிறது. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம், “ஐயா, இங்க சங்கு எடுக்கிறாங்களா?” என்றேன். “எடுக்காம? முங்கித்தான் எடுக்கணும். எல்லாம் கல்கத்தாவுக்குப் போவுது” என்றார். அங்கே கல்யாணமான பெண்கள் போடும் வெள்ளை வளையல் இந்தக் கடலின் சங்கில் அறுத்தது. வெம்பக்கோட்டையில் சங்கு அறுத்த கதையைச் சொன்னேன். வலையைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஊருக்கு எந்த பஸ் என்று கேட்டார்.