மந்திரப் பள்ளியின் விருந்தும் எங்கள் சேமக்காலையும்

விழாக்கள் மகிழ்ச்சிக்கு உரியன என்றும், இறந்தோரை நினைக்கும் நாட்கள் துயருக்கு உரியன என்றும் பிரித்து வைத்துப் பழகியவர்கள் நாம். மரணம் நிகழ்ந்த வீட்டில் ஆண்டு நிறையும்வரை கொண்டாட்டம் இல்லை. பலகாரச் சட்டி அடுப்பில் ஏறாது. புத்தாடை வீட்டுக்குள் வராது. அயலவரே தம் வீட்டுப் பலகாரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவர். கத்தோலிக்கராகிய நாங்களும் மன்னார்க் கரையிலுள்ள எங்கள் ஊரில் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டே வந்துள்ளோம். இதில் அன்பு உண்டு, அடக்கமும் உண்டு. ஆயினும் மகிழ்ச்சியும் துயரும் உண்மையிலேயே இவ்வாறு வெவ்வேறு வீடுகளிற் குடியிருப்பவைதாமா என்ற வினா, சென்ற ஒக்டோபர் மாத முடிவில் என்னுள் எழுந்தது. அதனை எழுப்பியது ஒரு கற்பனைப் பள்ளிக்கூடம்.

ஜே. கே. றோலிங் எழுதி 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வெளிவந்த ஹரி பொட்டர் கதைகளை அறியாத மாணவர் இன்று அரியர். அக்கதையில் வரும் ஹொக்வாட்ஸ் என்னும் மந்திரப் பள்ளி ஸ்கொத்லாந்து மலைகளிடையே இருப்பதாகக் கூறப்படுகின்றது. அங்கு மாணவர் நான்கு இல்லங்களாகப் பிரிக்கப்படுவர். இல்ல விளையாட்டுப் போட்டிகளிற் கூச்சலிட்டு வளர்ந்த எமக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. நம் பள்ளிகளில் ஆசிரியர் இடாப்பைப் பார்த்துப் பிரிப்பார். அங்கு பேசும் தொப்பி ஒன்று பிரிக்கின்றது. வேறுபாடு அவ்வளவே.

அப்பள்ளியின் பெருவிழாக்களுள் ஒன்று ஒக்டோபர் 31ஆம் நாள் இரவில் நிகழும் ஹலோவீன் விருந்து. முதல் நூலில் ஆயிரக்கணக்கான உயிருள்ள வௌவால்கள் மண்டபத்திற் பறக்கின்றன. குடைந்த பூசனிக்காய்களுள் மெழுகுதிரிகள் எரிகின்றன. விருந்தின் நடுவே, நிலவறையில் பூதமொன்று புகுந்துவிட்டதென்ற செய்தி வருகின்றது. தனியே அழுதுகொண்டிருந்த ஹெர்மாயனியை ஹரியும் றொன்னும் அந்தப் பூதத்திடமிருந்து மீட்கின்றனர். மூவரின் நட்பும் அவ்விரவில் தொடங்குகின்றது. இரண்டாம் நூலில் அதே இரவில், 1492இல் இறந்த ஆவியொன்று தன் ஐந்நூறாவது இறந்தநாளை நிலவறையிற் கொண்டாடுகின்றது. அங்கு பரிமாறப்படுபவை அழுகிய உணவுகள். ஆவிகள் அவற்றினூடே நடந்து சென்று, இழந்த சுவையைச் சற்றேனும் உணர முயல்கின்றன. முதன்முறை படித்தபோது நான் சிரித்த இடம் அது. தந்தையார் மறைந்தபின் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

ஒக்டோபர் 31 ஹரியின் பெற்றோர் கொல்லப்பட்ட நாளுமாகும். கல்லறையில் 1981 என்ற ஆண்டுடன் அந்த நாள் பொறிக்கப்பட்டிருப்பதை ஏழாம் நூலிற் காண்கின்றோம். ஆனால் ஹலோவீன் இரவில்தான் பெற்றோர் இறந்தனர் என்பதை ஹரி முதல் நூலிலேயே, பள்ளிக்குச் செல்லுமுன்பே, ஹக்றிட் வாயிலாகக் கேட்டுவிடுகின்றான். அவ்வாறிருந்தும், முதலாண்டு விருந்தை விவரிக்கும் பக்கங்களில் அதைப்பற்றிய பேச்சே இல்லை. ஆசிரியர் எவரும் அவன் தோளைத் தொட்டு ஒரு சொல் சொல்லவில்லை. தாய் தந்தையரின் நினைவு நாளில் அச்சிறுவன் பூசனி விளக்குகளின் கீழ் அமர்ந்து உணவுண்கின்றான். இந்த மௌனம் என்னை நெடுநாள் உறுத்தியது.

உறுத்தியதற்குக் காரணம் இருந்தது. என் தந்தையார் கடற்றொழிலாளி. முந்திய டிசெம்பரில் நோயுற்று மறைந்தார். ஆண்டு நிறைவுத் திருப்பலிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கையில், எங்கள் விடுதித் தோழியர் ஒக்டோபர் 31 இரவில் மந்திரப் பள்ளி விருந்தொன்றை நடத்தத் தீர்மானித்தனர். என்னைச் சேர்ப்பதா விடுவதா என்று அவர்கள் தமக்குள் தயங்கியதை நான் அறிவேன். மூத்த மாணவியொருவர், "உமக்கு இன்னும் ஆண்டு முடியேல்லைத்தானே?" என்று மெதுவாகக் கேட்டார். அன்றிரவு தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு, "போய் நில் பிள்ளை. கொப்பர் பகிடி தெரியாத மனிசனே?" என்றார்.

விடுதியில் வேறொரு மறுப்பும் எழுந்தது. இது அந்நியர் விழா, நமக்கெதற்கு என்றார் ஒருவர். நியாயமான வினாதான். அயர்லாந்திலும் ஸ்கொத்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் புகும் வேளையில் சம்ஹெயின் என்ற பழைய விழா கொண்டாடப்பட்டு வந்தது. நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாளாயிற்று. ஹலோவீன் என்னும் பெயருக்குப் புனிதர் திருநாளின் முன்மாலை என்பதே பொருள். பதினோராம் நூற்றாண்டையொட்டி, பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஒடிலோ, இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும் வேண்டும் நாளாக நவம்பர் 2ஐ நிறுவினார். இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகச் சென்று, இறந்தோருக்காகச் செபிப்பதாகக் கூறிப் பணியாரம் பெற்றனர். ஆக, மன்னாரில் என் பாட்டி மெழுகுதிரியோடு சேமக்காலைக்குச் சென்ற நாளும், ஹொக்வாட்சில் வௌவால் பறந்த இரவும் ஒரே நாட்கோவையின் இரு முனைகள். அந்நியம் என்று தள்ளியது வேறொரு வழியாக எம் வீட்டிற்கு எப்போதோ வந்து சேர்ந்திருந்தது.

விருந்து எளிமையாகவே நடந்தது. பிறிஸ்டல் போட்டைச் சுருட்டித் தொப்பி செய்தோம். அதனுள் இட்ட சீட்டுகள் எம்மை நான்கு இல்லங்களாகப் பிரித்தன. ஸ்கொத்லாந்தில் முன்னாளிற் கிழங்கைக் குடைந்தே விளக்குச் செய்தனராம்; பூசனிக்காய் அமெரிக்கா தந்தது. எமக்குச் சந்தையிற் பூசனிக்காயே கிடைத்தது. குடைந்தெடுத்த சதை மறுநாட் கறியாயிற்று. அப்பிள் விலையை எண்ணி நான்கு மட்டும் வாங்கி, நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்கவிட்டோம். கைகளைப் பின்னாற் கட்டிக்கொண்டு பல்லாற் கவ்வி எடுக்க வேண்டும். முகமெல்லாம் நனைந்து, மூக்கில் நீரேறி, ஒருத்தியேனும் முதல் முயற்சியில் வெல்லவில்லை. வெளியே ஐப்பசி மழை பொழிந்தது. இலையுதிர்காலம் இல்லாத நாட்டில் இலையுதிர்கால விழாவிற்கு மாரி துணைவந்தது.

இறுதியில் ஸ்கொத்லாந்து வழக்கமொன்றைப் பின்பற்றினோம். அங்கு வேடமிட்டு வரும் சிறுவர்களுக்குச் சும்மா இனிப்புக் கிடைப்பதில்லை. பாட்டோ கவிதையோ பகிடியோ ஒன்றை நிகழ்த்தியே பெறவேண்டும். ஒருத்தி தன் பாடசாலை அதிபரைப்போற் பேசிக் காட்டினாள். இன்னொருத்தி சிங்களப் பாடலொன்றைப் பாதி மறந்து மீதியைக் கைதட்டலால் நிரப்பினாள். என் முறை வந்தபோது மண்டபம் சற்று அமைதியடைந்தது. என்னை விட்டுவிடுவதற்கு அனைவரும் ஆயத்தமாக இருந்தனர்.

நான் அம்பாப் பாடினேன். கரைவலை இழுக்கையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடும் தொழிற்பாட்டு அது. எங்கள் வாடியில் அடியெடுத்துக் கொடுப்பவர் என் தந்தையார். அவர் மறைந்தபின் அப்பாட்டு என் வாயில் வந்ததில்லை. முதலிரண்டு அடிகளில் குரல் உடைந்தது. அம்பா தனியே பாடும் பாட்டன்று. ஏற்பவர் இல்லையேல் வலை நகராது. மலையகத்திலிருந்து வந்த தோழியொருத்தி, கடற்றொழிலையே கண்டறியாதவள், ஏலேலோ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஏற்றாள். பின்பு எல்லோரும் ஏற்றனர். காகிதத் தொப்பியோடும் நனைந்த முகத்தோடும் பத்துப்பன்னிரண்டு பெண்கள் மழையிரவில் இல்லாத வலையொன்றை இழுத்தோம். இறுதியில் எனக்கு ஒரு தொதல் துண்டு பரிசாகக் கிடைத்தது. அன்று நான் அழுதேனா சிரித்தேனா என்று இன்று கேட்டால், இரண்டும் என்றே சொல்வேன்.

மறுநாளிரவு பேருந்தில் ஊர் சென்றேன். நவம்பர் 2ஆம் நாள் மாலை அம்மாவும் நானும் சேமக்காலைக்குப் போனோம். கல்லறைகளெல்லாம் புல்வெட்டி வெள்ளையடிக்கப்பட்டிருந்தன. குருவானவர் வரிசை வரிசையாகச் சென்று மந்திரித்தார். நாங்கள் கொளுத்திய மெழுகுதிரியைக் காற்று மும்முறை அணைத்தது. அம்மா சேலைத் தலைப்பால் மறைத்து நான்காம் முறை கொளுத்தினார். சிறுவர்கள் வழமைபோல் கல்லறை கல்லறையாக ஓடி, உருகிய மெழுகைத் திரட்டிப் பந்து பிடித்தனர். பெரியவர்கள் அதட்டினர், அதட்டும்போதே சிலர் சிரித்தனர். சிறுவயதில் நானும் அப்பந்து பிடித்தவளே. துயரின் நாளென்று நான் எண்ணியிருந்த அந்த நாளில் விளையாட்டு எப்போதும் இருந்தே வந்திருக்கின்றது. அதனை விழாவென்று அழைக்க எமக்குத் தோன்றவில்லை, அவ்வளவே. அம்மாவிடம் அம்பாப் பாடியதைச் சொன்னேன். எந்தப் பாட்டு என்று கேட்டார், சொன்னேன். "அதில ஒரு அடியை அவர் எப்பவும் பிழையாத்தான் பாடுவார்" என்று சொல்லி, அவ்வடியைத் திருத்திப் பாடிக் காட்டினார்.

ஹொக்வாட்ஸ் விருந்தின் மௌனத்தை இப்போது நான் வேறுவிதமாக வாசிக்கின்றேன். அச்சிறுவனின் துயரை அப்பள்ளி அறியாது விட்டது உண்மை. ஆனால் தாய் தந்தையரை இழந்த இரவிலேயே அவன் ஹெர்மாயனியின் நட்பைப் பெற்றான். ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. ஆண்டு நிறையும்வரை கொண்டாட்டம் வேண்டாமென்ற எம் முன்னோரின் கட்டளையை நான் இகழவில்லை; துயருற்றோரைத் தொல்லை செய்யாதிருக்க அது பிறந்தது. எனினும், ஒதுங்கியிருக்க விடுவதுபோலவே, வந்து அமர இடம் வைத்திருப்பதும் அன்பின் செயலே. விருந்து மண்டபத்தில் இறந்தோரின் பெயரைச் சொல்லவும், சேமக்காலையிற் சிறுவரைச் சிரிக்கவிடவும் தெரிந்த சமூகத்தில், துயருற்றவர் தனித்துவிடமாட்டார்.