25565-க்கு கேட் பாஸ் யார் கொடுப்பா?

எங்க ஏரியால "போர்ட்"னு சொன்னா ஒரே அர்த்தம்தான், துறைமுகம். அப்பா ட்ரெய்லர் ஓட்டுறார். எண்ணூர் பக்கத்துல இருந்து ஜீரோ கேட் வரைக்கும் கன்டெய்னர் வண்டிங்க வரிசைகட்டி நிக்கிறதை நீங்க பஸ்ல போகும்போது பார்த்திருப்பீங்க. அந்த வரிசைல பல ராத்திரி தூங்கினவர் அவர். அதனால நான் "வீட்டு ரூட்டர்ல போர்ட் ஓப்பன் பண்ணணும்பா"னு சொன்னதும் அவர் கேட்டது: "கேட் பாஸ் யார் கொடுப்பா?" நாலு வருஷ நெட்வொர்க்ஸ் பாடத்துல இவ்வளவு சரியான கேள்வியை நான் பார்த்ததில்லை.

விஷயம் மைன்கிராஃப்ட் சர்வர். ஸ்கூல் செட்ல நாங்க நாலு பேர். ஒருத்தன் டிப்ளமோ முடிச்சுட்டு ஸ்ரீபெரும்புதூர்ல நைட் ஷிஃப்ட். ஒருத்தி கோயம்புத்தூர் ஹாஸ்டல். இன்னொருத்தன் வீடு மாறி ஆவடி போயிட்டான். நாலு பேரும் ஒண்ணா இருக்க ஒரே இடம் அந்த கேம்தான். அதுல மூணு வருஷமா எங்க ஊரைக் கட்டுறோம். ராயபுரம் ஸ்டேஷன் இருக்கு, 1856-ல தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் கிளம்பின அதே கட்டடம், தூண்களோட. காசிமேடு பாதி முடிஞ்சிருக்கு.

இது ஒரு வாடகை சர்வர்ல இருந்துச்சு. மாசாமாசம் காசு பிரிக்கணும். சம்பளத்தை அப்படியே வீட்டுக்குக் கொடுக்கிறவன்கிட்ட போய் கேமுக்குப் பங்கு கேட்கிறது எனக்குப் பிடிக்கல. என்கிட்ட பழைய லேப்டாப் இருக்கு, வீட்டுல ஃபைபர் இருக்கு. ஊரை நம்ம வீட்டுக்கே கொண்டு வந்துடலாம்னு முடிவு பண்ணேன்.

இங்கதான் அப்பாவோட கேட் பாஸ் வருது. ஒண்டுக்குடித்தன வீடு தெரியுமில்ல? கதவு நம்பர் ஒண்ணு, குடித்தனம் பத்து. உங்க ரூட்டர் அந்த வீட்டுக்காரம்மா. உள்ள இருந்து யாராவது லெட்டர் போட்டா, யார் போட்டதுன்னு ஞாபகம் வெச்சுக்கிட்டு, பதில் வந்ததும் சரியான ஆள்கிட்ட கொடுத்துடுவாங்க. ஆனா யாரும் எழுதாம வெளிய இருந்து தானா ஒரு லெட்டர் வந்தா யாருக்குன்னு தெரியாது, குப்பைக்குப் போயிடும். போர்ட் ஃபார்வர்டிங்னா, "25565-னு எழுதி எது வந்தாலும் மாடி ரூமுக்கு அனுப்புங்கம்மா"னு முன்கூட்டியே சொல்லி வைக்கிறது. மைன்கிராஃப்ட் ஜாவா சர்வரோட வழக்கமான நம்பர் அதுதான்.

சொல்லி வெச்சேன். லெட்டர் வரல. ரூட்டர் பக்கத்துல வேன் ஐபின்னு ஒரு வரி இருக்கும், அங்க 100.72-ல ஆரம்பிக்கிற நம்பர். புரிஞ்சுபோச்சு. 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் உள்ள சுமார் 42 லட்சம் முகவரிகளை 2012-ல இதுக்குன்னே ஒதுக்கி வெச்சாங்க. சிஜிநாட்னு சொல்வாங்க. அதாவது தெருவுக்கே ஒரே கதவு நம்பர். எங்க வீட்டுக்காரம்மாவுக்கு மேல இன்னொரு பெரிய வீட்டுக்காரர் கம்பெனில உட்கார்ந்திருக்கார், அவர்கிட்ட நாம எதுவும் சொல்லி வைக்க முடியாது. கஸ்டமர் கேர்ல கேட்டேன். தனி முகவரி வேணும்னா தனிக் காசாம்.

அவங்களை மட்டும் திட்டியும் பிரயோஜனம் இல்ல. ஐபிவி4-ல மொத்தமே சுமார் 429 கோடி முகவரிதான். ஆசிய பசிபிக் பகுதிக்குப் பங்கு போடுற ஏப்நிக், 2011 ஏப்ரல் 15-லயே கடைசித் தொகுப்புக்கு வந்துடுச்சு. நம்ம தெருவுக்கெல்லாம் ஃபைபர் வந்தது அதுக்கு ரொம்ப அப்புறம். இன்னொரு பக்கம், எம்.ஐ.டி. (குரோம்பேட்டை இல்ல, அமெரிக்கா) 18-ல ஆரம்பிக்கிற மொத்த முகவரியையும், 1.67 கோடி, ஒரே காலேஜா பல வருஷம் வெச்சிருந்துச்சு. 2017-ல அதுல பாதியளவுக்கு விக்கிறதா அறிவிச்சாங்க. முதல்ல வந்தவன் பந்தி முழுக்க இலை போட்டு உட்கார்ந்த கதை.

எனக்குக் கடுப்பு கேம் ஓடலைன்னு மட்டும் இல்ல. நமக்குக் கொடுத்திருக்கிற இன்டர்நெட்ல எல்லார் வீட்டுக்கும் நாம போகலாம், நம்ம வீட்டுக்கு யாரும் வர முடியாது. வீடியோ பார்க்க 100 எம்பிபிஎஸ் உண்டு, ஆனா ஒரு பையன் வீட்டுல சர்வர் வெச்சு, உடைச்சு, கத்துக்க வழி இல்ல. க்ளவுட் லேப்ல கிரெடிட் கார்டு நம்பர் கேட்டப்போ நம்ம க்ளாஸ்ல எத்தனை பேர் முழிச்சோம்னு ஞாபகம் இருக்கா?

வழி ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு ஐபிவி6. அதுல முகவரிப் பஞ்சமே இல்ல, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவு நம்பர். உலகத்துல இதை அதிகமாப் பயன்படுத்துற நாடுகள்ல நாமளும் ஒண்ணு, முக்கியமா மொபைல் நெட்ல. எங்க லைன்லயும் இருந்துச்சு. ரூட்டர் ஃபயர்வால்ல அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். ஸ்ரீபெரும்புதூர்க்காரன் மொபைல் ஹாட்ஸ்பாட்ல இருந்து நேரா உள்ள வந்துட்டான். ஆவடிக்காரனும் அப்படியே.

ஹாஸ்டல் வைஃபைல ஐபிவி6 கிடையாது. அவளுக்கு மட்டும் டெயில்ஸ்கேல் போட்டோம். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஒருத்தருக்கு ஒருத்தர் லெட்டர் போட்டா, ரெண்டு வீட்டுக்காரம்மாவும் "ஓ, இது பதில்"னு நினைச்சு உள்ள விட்டுடுவாங்க. அதுதான் தந்திரம். ஹாஸ்டல் நெட் அதுக்கும் ஒத்துக்கலைன்னா நடுவுல ஒரு ரிலே வழியா சுத்திப் போகும், கொஞ்சம் லேக் அடிக்கும்.

நீங்களும் வைக்கிறதா இருந்தா வைட்லிஸ்ட்டை முதல்ல ஆன் பண்ணுங்க. கதவு திறந்தா வரவேண்டியவங்க மட்டும்தான் வருவாங்கன்னு இல்ல. ரூட்டருக்கு ஒரு குட்டி யுபிஎஸ்ஸும் வேணும். அத்திப்பட்டுல அனல்மின் நிலையத்தையே வெச்சுக்கிட்டு எங்களுக்கும் கரண்ட் போகுது.

இப்போ காசிமேட்டுல மீன் ஏலக் கூடம் கட்டுறது ஹாஸ்டல்காரிதான். லேக்ல அவ ஒரு கல் வெச்சா எங்களுக்கு அரை செகண்ட் கழிச்சுத்தான் தெரியும். ஷிஃப்ட் பிரேக்ல வர்றவன் அவளுக்கு லாந்தர் மாட்டிக் கொடுத்துட்டுப் போறான். அப்பா ஒருநாள் எட்டிப் பார்த்துட்டு, ஜீரோ கேட் எங்கடான்னு கேட்டார். இன்னும் கட்டல.