தேவை எது, ஆசை எது? – ஒரு கேமராக் கணக்கு



ஒரு பொருள் குறையின்றி உழைத்துக்கொண்டிருக்கும்போதே அதைவிடப் புதியதொன்று கடைக்கு வந்துவிடுகிறது. கைப்பேசி, இருசக்கர வாகனம், சலவை இயந்திரம் என எல்லா இல்லங்களிலும் எழும் கேள்விதான்: மாற்றுவதா, வைத்துக்கொள்வதா? இவ்வாண்டு அக்கேள்வி நம்மிடம் ஒரு கேமராவாக வந்து நின்றது.

மத்ரஸா விடுமுறை நாட்களில் பழைய அரபுத்தமிழ்க் கித்தாபுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேமிப்பது நம் வழக்கம். அரபு எழுத்துகளோடு, தமிழ் ஒலிகளுக்கென மாற்றியமைத்த சில எழுத்துகளையும் சேர்த்து நம் முன்னோர் எழுதிய தமிழ் அது. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெருமக்கள் மார்க்கச் சட்டங்களை அவ்வெழுத்தில்தான் மக்களிடம் கொண்டுசேர்த்தார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இன்னும் சில வீடுகளின் மரப்பெட்டிகளில் அக்கித்தாபுகள் இருக்கின்றன. தாள் பழுத்து, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கின்றன.

நம்மிடம் இருப்பது 2014இல் வெளிவந்த சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3. சட்டைப்பையில் அடங்கும். நம் மனம் நாடியது 2019இல் வந்த மார்க் 7. அதன் விலை நம் ஐந்து மாத ஊதியத்திற்கு நிகர். மூன்றாண்டுகளில் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை கையில் இருந்தது. ஆகவே "வாங்க இயலுமா?" என்பதற்கு விடை கிடைத்துவிட்டது, "வாங்க வேண்டுமா?" என்பதற்குத்தான் கிடைக்கவில்லை.

அப்போது நம் துணைவியார் கேட்டார்: "அந்தக் கேமரா வந்தால், இதுவரை எடுக்க முடியாமல் போன எந்தப் பக்கத்தை எடுப்பீர்கள்?"

இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்கிட்டோம். இரண்டிலும் ஒரே அளவுள்ள ஓர் அங்குல வகை சென்சார். இரண்டிலும் 20 மெகாபிக்சல். ஒன்பது அங்குல உயரமுள்ள ஒரு கித்தாபுப் பக்கத்தைச் சட்டம் நிறைய எடுத்தால், அங்குலத்திற்கு ஏறத்தாழ 600 புள்ளிகள் கிடைக்கும். நுக்தாக்களையும் ஹரகத்துகளையும் பிழையறப் படிக்க இது தாராளம். இந்தக் கணக்கு புதியதிலும் மாறாது.

புதியதன் மெய்யான சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. பழையதன் லென்ஸ் 70 மி.மீ. வரை நீளும், புதியது 200 மி.மீ. வரை, அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. கல் பள்ளிவாசல்களின் தூண் உச்சியில் உள்ள வேலைப்பாடுகளைத் தரையில் நின்றே நெருங்கி எடுக்கலாம். 4கே காணொளியும் வெளி மைக் இணைக்கும் வசதியும் உண்டு. ஓடும் பிள்ளையையும் விடாமல் பின்தொடரும் ஃபோகஸும் உண்டு. ஆனால் கித்தாபு ஓடுவதில்லை! மேலும், அகலக் கோணத்தில் பழைய லென்ஸின் திறப்பு எஃப் 1.8, புதியதில் எஃப் 2.8. இருண்ட அறையில் கையில் பிடித்து எடுக்கும்போது பழையதே இரண்டு மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடுகிறது.

அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் வீண்விரயத்திற்கும் கஞ்சத்தனத்திற்கும் இடைப்பட்ட நடுநிலையைப் போற்றுகிறது. இமாம் ஷாத்திபீ (ரஹ்) தம் 'அல்முவாஃபகாத்' நூலில் மனிதரின் நலன்களை ளரூரிய்யாத், ஹாஜிய்யாத், தஹ்ஸீனிய்யாத் என மூன்று படிகளாக வகுத்து விளக்குகிறார்: இன்றியமையாதவை, இல்லாவிடில் சிரமம் தருபவை, அழகும் மெருகும் சேர்ப்பவை. மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நடத்தும் பாடம்தான். அந்த அளவுகோலை நம் பணப்பையின்மீது வைத்தபோது, புதிய கேமரா மூன்றாம் படியில் போய் நின்றது.

அப்படியானால் முதல் படியில் நிற்பவை எவை? எழுதிப் பார்த்தோம். கேமராவைப் பக்கத்திற்கு நேர் மேலே அசையாமல் தாங்கும் ஒரு ஸ்டாண்டு. ஃபிளாஷ் இல்லாமல் இருபுறமும் சாய்வாக ஒளி தர ஒரே வகையான இரண்டு விளக்குகள். எடுத்த படங்களுக்கு இரண்டாம் படியாக, வேறோர் ஊரில் வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க். எல்லாவற்றுக்கும் மேலாக, பயணச் செலவு. நமக்கு அரபுத்தமிழில் ஐயம் எழும்போதெல்லாம் தெளிவு தரும் பெரியவர் எண்பதைக் கடந்துவிட்டார். "பேரன் வீட்டை இடித்துக் கட்டப் போகிறான், அதற்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் வாப்பா" என்று ஒரு மூதாட்டி இரண்டு முறை சொல்லியனுப்பிவிட்டார். நமக்குக் குறைவாக இருப்பது காலம். அதை எந்தக் கடையும் விற்பதில்லை.

ஆகவே பழைய கேமராவே தொடர்கிறது. தொகையில் ஒரு பகுதி ஸ்டாண்டுக்கும் விளக்குகளுக்கும் டிஸ்க்குக்கும். மீதி இவ்வாண்டின் பயணங்களுக்கு.

புதியது வாங்குவோர் எல்லாரும் விரயம் செய்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. திருமணக் காணொளி எடுத்துப் பிழைக்கும் சகோதரருக்கு அதே கருவி இரண்டாம் படியிலோ முதல் படியிலோ நிற்கலாம். பொருள் ஒன்றேயானாலும், அதன் படியை நிர்ணயிப்பது அதைக் கொண்டு நாம் செய்யும் பணியே. எனவே கடைக்குப் போகுமுன் பணியைத் தாளில் எழுதுங்கள். எது தடைபட்டு நிற்கிறது என்று பாருங்கள். வீட்டாரிடம் மஷூரா செய்யுங்கள்.

தேவையை ஆசையிலிருந்து பிரித்தறியும் தெளிவையும், கையிலிருப்பதைக் கொண்டு நற்பணி செய்யும் தவ்ஃபீக்கையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.