ஹன்லே: இருட்டே இங்கு சொத்து

லே நகரிலிருந்து சிந்து நதியோடு தென்கிழக்கே சென்று, பிறகு சாங்தாங் பீடபூமிக்குத் திரும்பினால் 250 கி.மீ.க்கும் அதிகமான பயணத்தின் முடிவில் ஹன்லே வருகிறது. கடல் மட்டத்துக்கு மேல் 4,000 மீட்டரைத் தாண்டிய உயரம். குன்றின் மேல் 17-ஆம் நூற்றாண்டு பௌத்த மடாலயம், கீழே ஆற்றங்கரைப் புல்வெளி, பஷ்மினா ஆடு மேய்க்கும் சாங்பா குடும்பங்கள். ஆனால் இப்போது வெளியூர்க்காரர்கள் இங்கே தேடி வருவது இரவை.

நவம்பர் நடுவில் ஒரு நாள், இரவு 9 மணி. உறைய வைக்கும் குளிர். தங்கும் வீட்டு முற்றத்தில் தொலைநோக்கியைச் சுற்றிக் கம்பளிக்குள் புதைந்த பயணிகள். வானத்தைக் காட்டுபவர் விஞ்ஞானி அல்ல, உள்ளூர்க்காரர். ஹன்லே பகுதி ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் நிலையம் பயிற்சி தந்திருக்கிறது.

வருபவர்களில் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு: நட்சத்திரக் கூட்டமும் காலக்ஸியும் ஒன்றுதானே? தமிழில் இரண்டையுமே 'நட்சத்திர மண்டலம்' என்று சொல்லிவிடுவதால் நம்மவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். ஹன்லே வானத்தில் இதற்கு விடை இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறது.

கிழக்கே மலைக்கு மேல் ஓரியன் எழுகிறது. அதில் சிவப்பாக மின்னுவது நம் திருவாதிரை. பூமியிலிருந்து அது 500 ஒளியாண்டுக்கும் அப்பால். அதே உருவத்தின் இன்னொரு தோளான பெல்லாட்ரிக்ஸ் சுமார் 250 ஒளியாண்டு. காலான ரைகல் சுமார் 860. அடுத்தடுத்து இருப்பதாகத் தெரிவது நம் கண்ணுக்கு மட்டுமே. இரவில் மலைப்பாதையில் போகிறவருக்குப் பக்கத்து வீட்டு விளக்கும் தூரத்து ஊர் விளக்கும் ஒரே வரிசையில் தெரிவது போலத்தான். சர்வதேச வானியல் சங்கம் வானத்தை 88 நட்சத்திரக் கூட்டங்களாகப் பிரித்திருக்கிறது. அவற்றுக்கு 1930-ல் எல்லைக் கோடுகளும் போடப்பட்டன. அதாவது, மாவட்டம் பிரிப்பது போல மனிதன் செய்த ஏற்பாடு. விதிவிலக்கும் உண்டு. பின்னிரவில் வடகிழக்கே ஏறும் சப்தரிஷிகளில் ஐந்து பேர் நிஜமாகவே உறவினர்கள், சுமார் 80 ஒளியாண்டு தொலைவில் ஒன்றாகவே நகர்கிறார்கள். ஓரத்து இருவர் மட்டும் தற்செயலாகச் சேர்ந்தவர்கள்.

இனி தலைக்கு நேர் மேலே. பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து ஒரு பெரிய சதுரமாக நிற்கின்றன. அதன் வடகிழக்கு மூலையிலிருந்து சற்றுத் தள்ளி, வெறும் கண்ணுக்கே ஒரு மங்கலான திட்டு தெரிகிறது. பாரசீக வானியலாளர் அல்-சூஃபி 10-ஆம் நூற்றாண்டிலேயே இதை ஒரு சிறு மேகம் என்று குறித்தார். அது என்னவென்று புரிந்தது எட்வின் ஹப்பிள் 1923-ல் அதில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான். அது ஒரு தனி காலக்ஸி. பல்லாயிரம் கோடி நட்சத்திரங்கள் ஈர்ப்பு விசையால் கட்டுண்டு கிடக்கும் நிஜமான வீடு. தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. ஆண்ட்ரோமீடா கூட்டத்தின் திசையில் தெரிவதால் அந்தப் பெயர், அவ்வளவே. ஜன்னல் கம்பிகளுக்கிடையே தெரியும் மலை ஜன்னலைச் சேர்ந்தது ஆகாது. அந்தக் கம்பிகளான நட்சத்திரங்கள் எல்லாம் நம் சொந்த காலக்ஸியான பால்வீதியைச் சேர்ந்தவை.

நகரத்துக்கும் ஹன்லேவுக்கும் உள்ள வித்தியாசமும் இதில்தான். டெல்லியிலும் சென்னையிலும் ஓரியனின் பிரகாசமான நட்சத்திரங்கள் இன்னமும் தெரிகின்றன. பால்வீதியும் ஆண்ட்ரோமீடா திட்டும் தெரு விளக்கில் கரைந்துவிட்டன. மனிதன் வரைந்த கோலம் மிஞ்சி, நிஜமான வீடு மறைந்துவிட்டது.

அந்த நிலை இங்கே வந்தால் நஷ்டம் பெரிது. 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆய்வுக்கூடத்தின் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கி 2000-ல் முதல் ஒளியைக் கண்டது. பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் வழியே அதை இயக்குகிறார்கள். 2022 டிசம்பரில் சுற்றியுள்ள 1,073 சதுர கி.மீ. பரப்பு இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஜன்னல்களுக்குக் கனத்த திரை, விளக்குகளுக்கு மூடி, வாகனங்களுக்கு ஹை பீம் கூடாது.

கட்டுப்பாட்டைச் சுமப்பது ஊர். அதனால் வரும் தங்கும் வீட்டு வாடகையும் ஊருக்கே. சிக்கலும் அங்கேதான். இருட்டைப் பார்க்க வருகிறவர்களே வெளிச்சத்தையும் கொண்டுவருகிறார்கள். வளைவில் ஒரு ஜீப் முழு விளக்கோடு திரும்பினால் போதும், 25 லட்சம் ஆண்டு பயணம் செய்து வந்த ஒளி முற்றத்தில் நிற்பவர்களின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை கிழக்கே ஓரியன் மட்டும் தெரிந்துகொண்டிருக்கும், நகரத்தில் தெரிவது போலவே.