சித்தாண்டிக்கு மேலே ஓடும் மின்சாரம்

நடுவில் கட்டித் தொங்கவிட்ட காந்த ஊசியின் வடமுனை நிலத்தை நோக்கிச் சாயும் என்பது பௌதிகவியல் பாடம். இலங்கையின் சித்தாண்டியில் உயர்தரம் படிக்கும் அக்காவின் மகள் அதைச் செய்து பார்த்தாள். தையல் ஊசியை நூலில் கட்டிச் சமப்படுத்தி, பிறகு காந்தத்தால் ஒரே திசையில் உரசித் தொங்கவிட்டாள். ஊசி வடக்குத் தெற்காகத் திரும்பியது; சாயவில்லை. “இஞ்ச ஏன் மாமா சாயல்ல?” என்று கேட்டாள். அந்தப் பாடம் எங்கே பிறந்தது என்று தேடத் தொடங்கினேன்.

அது இலண்டனில் பிறந்தது. திசைகாட்டி செய்த றொபேட் நோர்மன், எவ்வளவு சமப்படுத்தினாலும் காந்தமேற்றியதும் ஊசியின் வடமுனை தாழ்வதைக் கண்டார். 1576 இல் அந்தச் சாய்வை அளந்தார்: 71 பாகை 50 கலை. பூமியே ஒரு பெருங்காந்தம் என்று 1600 இல் வில்லியம் கில்பேட் காரணம் சொன்னார். புலக்கோடுகள் காந்தத் துருவங்களில் செங்குத்தாகவும், நடுவில் நிலத்துக்குச் சமாந்தரமாகவும் இருக்கின்றன. சாய்வே இல்லாத இடங்களைத் தொடுத்தால் வருவது காந்த மத்தியகோடு. 1802 இல் ஹம்போல்ட் பெருவின் மலைகளில் அதைக் கடந்தார். நம் பக்கத்தில் அது இந்தியாவின் தென்கோடியையும் இலங்கையையும் ஒட்டிப் போகிறது. சித்தாண்டியில் சாய்வு சில பாகைகளே. தையல் ஊசியில் கண்ணுக்குப் பிடிபடாது. பிள்ளையின் ஊசி சரியாகத்தான் நின்றது.

காந்த மத்தியகோட்டை ஒட்டிய இடங்களின் பெறுமதியை ஆய்வாளர் முன்பே அறிந்திருந்தனர். சுவாதித் திருநாள் மன்னர் 1837 இல் நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநர் ஜோன் அலன் புறவுண், 1850களில் அகத்தியமலை உச்சிக்கே காந்தமானிகளை ஏற்றி அளந்தார். பின்னர் பெருவின் உவான்காயோ ஆய்வகம், நண்பகலையொட்டி அங்கே காந்தப்புலம் பிற இடங்களைவிட மிகக் கூடுதலாக உயர்வதைப் பதிந்தது.

காரணம் வானில் இருந்தது. காந்த மத்தியகோட்டை ஒட்டி, ஏறத்தாழ 105 கிலோமீற்றர் உயரத்தில், வெயிலால் அயனாகிய காற்றில் பகலில் கிழக்கு நோக்கி மின்சாரம் பாய்கிறது. புலம் கிடையாக இருப்பதாலேயே அது அங்கே குவிகிறது: மேல்கீழாகப் போக முயலும் ஏற்றங்கள் தேங்கி, அதனால் பிறக்கும் மின்புலம் கிழக்கோட்டத்தைப் பலமடங்கு வலுப்படுத்துகிறது. இந்த வானத்தை அருகிருந்து ஆராயவே கேரளத்தின் தும்பா தெரிவுசெய்யப்பட்டது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் றொக்கெற் எழுந்தது.

மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820 இல் ஏர்ஸ்டெட் கண்டது இங்கே தலைக்குமேல் நாள்தோறும் நடக்கிறது. வலக்கைப் பெருவிரலைக் கிழக்கே நீட்டுங்கள். மற்ற விரல்கள் கீழ்ப்புறமாக வடக்கு நோக்கி வளையும். பூமியின் புலமும் வடக்கு நோக்கியதே. இரண்டும் கூடுவதால்தான் நண்பகல் உயர்வு.

கிழக்குப் பல்கலைக்கழகம் பக்கத்து வந்தாறுமூலையில் இருக்கிறது. நுண்ணிய காந்தமானி ஒன்று கிடைத்தால் எங்கள் பிள்ளைகளே அந்த உயர்வைப் பதியலாம். சாயும் ஊசியை மனனம் செய்வதோடு பாடம் முடியக்கூடாது. மின்னும் காந்தமும் ஒன்றையொன்று வளர்ப்பதைக் கற்க, உலகில் சில நாடுகளுக்கே வாய்த்த வானம் எங்களுடையது.