கோட்டையிலிருந்து கோட்டைக்கு – 2

போன இதழில் எழுதியபடி, கிளட்ச் பிளேட் மாற்றி முடிக்க வெள்ளி இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. மூன்று மணி நேரம் தூங்கியிருப்போம். சனிக்கிழமை அதிகாலை மூன்றரைக்கு வண்டியை எடுத்தபோது ராயக்கோட்டை தக்காளி மண்டியில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. மண்டி மாமா பெட்டிக் கணக்கை மகனிடம் கொடுத்துவிட்டு, தோளில் துண்டோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

நாங்கள் நான்கு பேர். மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது. பின்சீட்டில் நானும், ஓசூரில் பைக் கம்பெனியில் வேலை செய்யும் பெரியப்பா மகன் அண்ணனும். ஓட்டுவது மெக்கானிக் தம்பி. கெலமங்கலம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கிறான். வண்டியும் அவனுடையதுதான், பழைய எஸ்டீம். இந்தத் தொடரின் கதாநாயகன் அந்த வண்டி என்பதால் அதைச் சொல்லாமல் நகர முடியாது. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் எங்கள் தெருவே கடன் வாங்கிப் போகிற வண்டி அது. அதே மாடல் வண்டிகள் பந்தயம் ஓடுவதைப் பார்க்கத்தான் அதிலேயே உட்கார்ந்து இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு 240 கிலோமீட்டர் போகிறோம்.

கிருஷ்ணகிரி தாண்டியதும் அகலமான நெடுஞ்சாலை. வாணியம்பாடி வருவதற்குள் மாமா பேச ஆரம்பித்துவிட்டார். அவர் முதன்முதலில் கார் பந்தயம் பார்த்தது இருங்காட்டுக்கோட்டையில் இல்லை, சோழவரத்தில். எண்பதுகளின் தொடக்கம். சென்னையில் அப்போது கோயம்பேடு மார்க்கெட் கிடையாது. அது வந்தது 1996இல். ராயக்கோட்டைத் தக்காளி பாரிமுனைப் பக்கம் கொத்தவால் சாவடிக்குத்தான் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை லோடு இறக்கிய பிறகு லாரி டிரைவர், "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உனக்கு ஒண்ணு காட்டறேன் வா" என்று செங்குன்றம் வழியாகக் கூட்டிப்போயிருக்கிறார்.

"ஏரோப்பிளேன் எறங்கற ரோடுடா அது. சண்டைக் காலத்துல வெள்ளைக்காரன் போட்டது. ஓரத்துல கயிறு கட்டியிருப்பாங்க, அவ்வளவுதான். சனம் வந்து நிக்குது பாரு, திருவிழாத் தேர் பாக்கற மாதிரி. அப்ப ஒரு ஃபியட் வந்துச்சு. எங்க டாக்டர் வெச்சிருந்த அதே ஃபியட். ஆனா அது போட்ட சத்தம் வேற. வளைவுல ஒரு சக்கரம் தரையை விட்டு எந்திரிச்சிருச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

சோழவரம் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதை. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல வருடங்கள் பந்தயம் நடத்தியது. ஃபியட்டும் அம்பாசிடரும் ஹெரால்டும் ஓடிய இடம். கோயம்புத்தூர் கரிவர்தன் தன் கையாலேயே வடிவமைத்த வண்டிகளைக் கொண்டுவந்து காட்டியதும் அங்கேதான். இந்தியாவிலேயே குறைந்த செலவில் ஒரு பந்தய வண்டி செய்யலாம் என்று ஃபார்முலா மாருதியை உருவாக்கிய மனிதர் அவர். 1995இல் ஒரு சிறு விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். கோவை செட்டிப்பாளையம் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மோட்டார் பந்தயம் பணக்காரர் விளையாட்டு என்று யாராவது சொன்னால் கரிவர்தன் பெயரைத்தான் நான் முதலில் சொல்வேன். எட்டாத ஒன்றை எட்டவைக்கப் பாடுபட்டவர் அவர்.

ஆம்பூர் தாண்டியதும் முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி. தம்பி அதன் பின்னால் போனான். "கவனிங்க, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டுட்டேன், ஸ்பீடு குறையல" என்றான். முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொடுக்கிறான். பின்னால் வருகிறவனுக்கு எதிர்க்காற்று குறைவு. டிராக்கில் இதைத்தான் ஸ்லிப்ஸ்ட்ரீம் என்கிறார்கள். "இது எனக்குத் தெரியாதா? நாப்பது வருசமா லோடு வண்டியில போறேன்" என்றார் மாமா. அதற்கு மேல் ரோட்டில் வேண்டாம் என்று தம்பியே வண்டியை விலக்கிக்கொண்டான்.

அண்ணன் ராத்திரி ஷிப்ட் முடிந்த நேரங்களில் போனில் அமெரிக்க நாஸ்கார் பந்தயம் பார்க்கிறவர். ஸ்டாக் கார் என்ற சொல்லுக்கு அவர்தான் எங்களுக்கு அர்த்தம் சொன்னார். ஸ்டாக் என்றால் கடையில் இருப்பில் உள்ளது. கடையில் வாங்கிய வண்டியை அப்படியே ஓட்டுவதுதான் ஆரம்பம். அமெரிக்கத் தென்மாநில மலைகளில் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள், பார்த்தால் சாதாரண ஃபோர்டு மாதிரியும் ஓட்டினால் போலீசுக்குப் பிடிபடாத மாதிரியும் வண்டியைத் தயார் செய்தார்கள். எல்லை செக்போஸ்ட்டைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்த இடம் உடனே புரிந்தது. 1948இல் நாஸ்கார் அமைப்பு உருவானது. மறு வருடம் ஜூனில் சார்லட் நகரில் அவர்கள் நடத்திய முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ பந்தயத்தில் முதலில் வந்தவர் க்ளென் டனவே. பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. சோதனையில் பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றியிருந்தது தெரிந்தது. சாராயப் பாரம் தாங்கச் செய்த மாற்றம். இரண்டாவது வந்த ஜிம் ரோப்பரை ஜெயித்தவராக அறிவித்தார்கள்.

இன்றைய நாஸ்கார் வண்டி கடையில் கிடைக்கிற வண்டி இல்லை. இரும்புக் குழாய்க் கூட்டின் மேல் போர்த்திய உடம்பு, ஹெட்லைட்டுகூட ஸ்டிக்கர்தான். அந்த உலகத்துக்கும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் போயிருக்கிறார். 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன், 2010 மார்ச்சில் மார்ட்டின்ஸ்வில் டிராக்கில் நாஸ்காரின் டிரக் பந்தயத்தில் இறங்கினார். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, காகிதக் கிளிப் வடிவம், முழுக்க முட்டி மோதல். 13ஆவதாக முடித்தார். அந்த வருடம் அந்தத் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதும் அவருக்கே. ரசிகர் ஓட்டில் கிடைப்பது அது. அண்ணனும் ஓட்டுப் போட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது தேர்தலில் ஜெயித்தவர் போல் அவர் முகம் இருந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

வாலாஜா, காஞ்சிபுரம் பிரிவு, ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் சீக்கிரம் கடந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையைத் தாண்டி உள்ளே திரும்பியதும் தம்பி கண்ணாடியை இறக்கினான். டிராக் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் வந்துவிட்டது. தூரத்தில் மேலேறி, ஒரு நொடி அடங்கி, கியர் மாறி மறுபடி மேலேறும் சத்தம். மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

1990இல் பந்தயம் தொடங்கிய டிராக் இது. 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. வளைவுகளுக்கு ஊர்ப் பெயர் எதுவும் இல்லை. சி-1, சி-2 என்று எண்தான். ஓசூர் டிவிஎஸ்ஸின் பைக்குகளும் இங்கே ஓடுகின்றன. 1982இல் தொடங்கிய ரேசிங் அணி அது. எங்கள் பக்கத்துப் பையன்கள் பலருக்கு இந்த டிராக்கின் பெயர் முதலில் காதில் விழுந்தது கம்பெனி கேன்டீனில்தான்.

பந்தய வண்டிகளைத் தயார் செய்யும் பேடாக்கில் நான் அதிக நேரம் நின்றது ஸ்குரூட்டினி நடக்கும் இடத்தில். பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு வண்டியையும் அங்கே சோதிக்கிறார்கள். எங்களுடையதைப் போலவே ஒரு எஸ்டீம். உள்ளே எட்டிப் பார்த்தேன். பின்சீட் இல்லை, கார்ப்பெட் இல்லை, கதவுத் துணி இல்லை. வெறும் தகரமும், அதற்குள் கூண்டு மாதிரி பற்றவைத்த ரோல் கேஜும். ஓட்டுநர் சீட் ஒன்றுதான். அதில் தோளிலும் இடுப்பிலும் தொடையிலும் பிடிக்கும் பட்டைகள். தீயணைப்பான். வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு சுவிட்ச், இழுத்துப்போக ஒரு கொக்கி. தினமும் ஓசூரில் ஒரே வகை போல்ட்டை நூற்றுக்கணக்கில் முடுக்கி அனுப்புகிற ஆள் நான். அது எங்கே போகிறது, என்ன பாடுபடுகிறது என்று எனக்குத் தெரிவதே இல்லை. இங்கே ஒருவர் குனிந்து ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தார். யாரோ என் வேலையையே மதித்துப் பார்ப்பது போல இருந்தது.

மதியம் முதல் ரேஸ். கொடி அசைந்து, சிவப்பு விளக்குகள் அணைந்ததும் எல்லா வண்டியும் ஒரே மூச்சாக சி-1 நோக்கிப் போயின. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். முதல் மூன்று சுற்றில் நாங்கள் பார்த்துவைத்த வெள்ளை எஸ்டீம் ஏழாம் இடத்திலிருந்து நான்குக்கு வந்தது. நேர்ப்பாதையில் முன் வண்டியின் முதுகிலேயே ஒட்டி வந்து, பிரேக் போடும் இடத்தில் உள்பக்கமாக நுழைந்துவிடும். "லாரி வித்தைடா!" என்று மாமா என் தோளில் அடித்தார். வளைவில் அதன் பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழுந்தது. இந்த முறை அவர் கண்ணை மூடவில்லை.

ஐந்தாம் சுற்றில் இரண்டு வண்டிகள் ஒரே இடத்துக்கு ஆசைப்பட்டன. வெள்ளை வண்டி சுழன்று புல்லில் இறங்கி நின்றது. மார்ஷல்கள் மஞ்சள் கொடியை வீசினார்கள். முன்சக்கரம் ஒன்று உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. நான்கு பேரும் எழுந்து நின்றுவிட்டோம். ஓட்டுநர் தானாகவே இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிக் கை அசைத்த பிறகுதான் மாமா உட்கார்ந்தார். ரேஸை யார் ஜெயித்தார்கள் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

சாயங்காலம் பேடாக்குக்குப் போனோம். ஜாக்கில் தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் இரண்டு மெக்கானிக்குகள். லோயர் ஆர்ம் வளைந்திருந்தது, ஷாஃப்ட்டும் போயிருந்தது. தம்பி பார்த்துக்கொண்டே நின்றவன், "அண்ணா, லைட்டு பிடிக்கட்டுமா?" என்று கேட்டான். அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எந்த ஊர் என்றார்கள். ராயக்கோட்டை என்றதும் மூத்தவர் முகம் மலர்ந்தது. அவர் தேன்கனிக்கோட்டைக்காரர், சில வருடம் ஓசூரில் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்துவிட்டு இதற்கு வந்தவர். நானும் லைனில்தான் என்றேன்.

எட்டு மணிக்குப் பிறகும் வேலை ஓடியது. தம்பி வண்டிக்கடியில் படுத்துவிட்டான். மாமா எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கியதும் மூத்தவர் டார்க் ரென்ச்சை என்னிடம் நீட்டினார். "நீங்க லைன்ல இருக்கிறவரு. நீங்களே போடுங்க. நான் அப்புறம் செக் பண்ணிக்கறேன்."

எதிரெதிராக நான்கு நட்டு. ஒவ்வொன்றும் 'டக்' என்று சொல்லும்வரை இழுத்தேன். அவர் மறுபடி ஒருமுறை ரென்ச் வைத்துப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றார். "முதல் ரேஸை முடிக்கல. நாளைக்குக் கடைசி வரிசையிலிருந்துதான் கிளம்பணும்."

(தொடரும்)